நீட் கிடைக்கலன்னா பயோமெடிக்கல், பயோடெக்? சாய்ஸ் லாக் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

1. ப்ளஸ் டூ ரிசல்ட்டும் நீட் ரிசல்ட்டும் வந்துட்டா எனக்கு ரெண்டு ஓ.பி. நடக்கும். ஒண்ணு காய்ச்சல், சளிக்கு. இன்னொண்ணு இப்படி ஆரம்பிக்கும்: "சார், பொண்ணுக்கு நீட்ல மார்க் பத்தல. பயோமெடிக்கல் இல்ல பயோடெக் போட்டுடலாமா? அதுவும் டாக்டர் லைன்தானே?" இந்தக் கேள்விக்குத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2. என் பதில் சுருக்கமா: அது டாக்டர் லைன் இல்ல. இன்ஜினியரிங் லைன். இன்ஜினியரிங் பிடிச்சு வர்ற பிள்ளைக்கு இது அருமையான படிப்பு. டாக்டர் சீட் கிடைக்காத வருத்தத்துக்கு மருந்தா எடுத்தா, நாலு வருஷமும் அந்த வருத்தம் கூடவே வரும்.

3. இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கு. நானே ஒரு தடவை தப்பா வழி சொல்லியிருக்கேன். சில வருஷம் முன்னாடி என் சித்தி பொண்ணு ரெண்டு தடவை நீட் எழுதியும் சீட் கிடைக்கல. சோறு இறங்காம உட்கார்ந்திருந்தா. டியூட்டிக்குக் கிளம்புற அவசரத்துல சொன்னேன்: "உனக்குத்தான் பயாலஜி உசுராச்சே. பயோடெக் எடு. எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்." எங்க குடும்பத்துல நான் ஒருத்தன்தான் டாக்டர். நான் சொன்னதுக்கு அப்புறம் வேற யாரையும் கேக்கணும்னு வீட்ல யாருக்கும் தோணல.

4. மூணாவது செமஸ்டர்ல போன் வந்துச்சு. "அண்ணா, நீ சொன்ன பயாலஜி எங்கண்ணா இருக்கு? இங்க பாதி நாள் கணக்கும், பைப்புக்குள்ள தண்ணி எப்படி ஓடும்னும்தான் நடத்துறாங்க." அப்போ அவளுக்கு நாலு அரியர். அவ படிக்கிற படிப்போட சிலபஸை நான் அன்னிக்கு ராத்திரிதான் முதல் தடவையா திறந்து பார்த்தேன்.

5. உள்ள என்ன இருந்துச்சுன்னா: பயோகெமிஸ்ட்ரி இருக்கு, மைக்ரோபயாலஜி இருக்கு, ஜெனிடிக்ஸ் இருக்கு. அதுகூடவே இன்ஜினியரிங் கணக்கு, தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், ஹீட் டிரான்ஸ்ஃபர், மாஸ் டிரான்ஸ்ஃபர், பயோபிராசஸ் எல்லாம் இருக்கு. பயோமெடிக்கல்னா அனாடமி, ஃபிசியாலஜி கொஞ்சம். மத்தது சர்க்யூட், சிக்னல்ஸ், சென்சார், கன்ட்ரோல் சிஸ்டம், இமேஜ் பிராசசிங். அதாவது எலக்ட்ரானிக்ஸ் படிப்புக்குப் பக்கத்து வீடு.

6. இதுக்கு ஒரு அடையாளம் கவுன்சிலிங்லயே இருக்கு, நாமதான் கவனிக்கிறதில்ல. தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங் கட்டாஃப் 200. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பயோமெடிக்கல், பயோடெக் எடுத்தாலும் இதே கட்டாஃப்தான். பயாலஜியில நூத்துக்கு நூறு வாங்கியிருந்தாலும் அதுல ஒரு மார்க்கும் சேராது. இந்தப் படிப்பு உங்ககிட்ட முதல்ல என்ன எதிர்பார்க்குதுன்னு இதுலயே தெரியுது.

7. அப்போ "பயோ"ங்கிற வார்த்தை எதுக்கு? ரெண்டு படிப்பையும் எங்க ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கிற பொருளை வச்சே சொல்றேன். முதல்ல பயோடெக். எங்க ஃபார்மசி ஃப்ரிட்ஜ்ல இருக்கிற இன்சுலின் பாட்டிலை எடுத்துக்கோங்க.

8. ஒரு காலத்துல இன்சுலினைப் பன்றி, மாட்டுக் கணையத்துல இருந்து பிரிச்சு எடுத்தாங்க. 1978ல மனுஷ இன்சுலினுக்கான ஜீனை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ள வச்சு, அந்த பாக்டீரியாவையே இன்சுலின் தயாரிக்க வச்சாங்க. 1982ல அமெரிக்காவுல அது மருந்தா அனுமதி வாங்குச்சு. ஜீனை உள்ள வைக்கிறது வரைக்கும் பயாலஜி. அதை ஊருக்கே போதுற அளவுக்குத் தயாரிக்கிறதுதான் இன்ஜினியரிங்.

9. வீட்ல ஒரு கிண்ணம் பாலுக்கு உறை ஊத்துறது சுலபம். அதையே ஒரு தொட்டி அளவுக்குச் செய்ங்கன்னா? பாக்டீரியா வளரும்போது சூடு உண்டாகும். ஒரு லிட்டர் பாத்திரத்தை அதே வடிவத்துல ஆயிரம் லிட்டர் தொட்டியா பெருசாக்கினா, உள்ள இருக்கிறது ஆயிரம் மடங்கு கூடும். சூடு வெளியேற வேண்டிய மேற்பரப்பு நூறு மடங்குதான் கூடும். சூட்டை வெளிய எடுக்கலன்னா உள்ள இருக்கிற பாக்டீரியா செத்துப் போகும். எல்லா மூலைக்கும் ஆக்சிஜனும் போகணும். என் தங்கச்சி திட்டின ஹீட் டிரான்ஸ்ஃபர், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எல்லாம் இதுக்குத்தான்.

10. "இன்சுலின் தயாரிக்க இதெல்லாம் வேணும்"னு முதல் வருஷத்துலயே யாராவது அவகிட்ட சொல்லியிருந்தா, அந்தப் பாடத்தைக் கொஞ்சம் வேற மாதிரி பார்த்திருப்பா. நான் சொல்லியிருக்கணும். எனக்கே தெரியாது.

11. அடுத்தது பயோமெடிக்கல். இதுக்கு கொரோனா நேரத்துல பாதி வீட்டுக்குள்ள வந்த ஒரு கருவி போதும். விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்சிமீட்டர். அதுக்கு அடிப்படை போட்டவர் டகுவோ அவோயாகி. ஜப்பான்காரர். டாக்டர் இல்ல, எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். எழுபதுகளோட தொடக்கத்துல, இதயம் எவ்வளவு ரத்தம் பம்ப் பண்ணுதுன்னு காதுல வெளிச்சம் விட்டு அளக்கப் பார்த்துட்டு இருந்தார். ஒவ்வொரு நாடித்துடிப்பும் அந்த அளவீட்டைக் குலைச்சுச்சு.

12. அவர் அந்தத் தொந்தரவையே கவனிச்சார். துடிக்கிறது தமனி ரத்தம் மட்டும்தான். சிவப்பு வெளிச்சம், அகச்சிவப்பு வெளிச்சம் ரெண்டையும் விட்டு, துடிப்போட சேர்ந்து மாறுற பகுதியை மட்டும் பிரிச்சா, ஊசி குத்தாமலே தமனி ரத்தத்துல எவ்வளவு ஆக்சிஜன் இருக்குன்னு கணிச்சிடலாம். 1974ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சாங்க. 2020 ஏப்ரல்ல, உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைஞ்ச நேரத்துல, 84 வயசுல அவர் இறந்தார். என் ஓ.பி.ல நான் காப்பாத்தினதா நினைச்சுக்கிற எத்தனையோ பேர் கணக்குல அவருக்கும் பங்கு இருக்கு.

13. இதே கருவியில இன்னொரு பாடமும் இருக்கு. 2020 டிசம்பர்ல அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ரத்தத்துல ஆக்சிஜன் உண்மையிலயே குறைஞ்சிருந்தும் ஆக்சிமீட்டர் "நல்லா இருக்கு"ன்னு காட்டுறது, வெள்ளை நோயாளிகளைவிட கறுப்பின நோயாளிகள்ல கிட்டத்தட்ட மூணு மடங்கு அதிகமா இருந்துச்சு. தோல்ல இருக்கிற நிறமியும் வெளிச்சத்தை உறிஞ்சும். கருவியைச் சோதிச்சுப் பார்த்ததுல அந்தத் தோல் போதுமான அளவு இல்ல.

14. இதைப் படிச்சப்போ நான் என் கையைத்தான் பார்த்தேன். அப்புறம் வார்டுல இருக்கிறவங்க கையை. நம்ம நிறத்துக்கு, நம்ம வெயிலுக்கு, கரண்ட் போய்ப் போய் வர்ற நம்ம ஊருக்கு ஒரு கருவி சரியா வேலை செய்யுதான்னு யார் பார்ப்பா? இங்க பிறந்து, இங்க படிச்ச ஒரு இன்ஜினியர் பார்த்தாத்தான் உண்டு.

15. அது நடக்காத காரியம்னு நினைக்காதீங்க. ஒரு தடவை நடந்திருக்கு, பக்கத்துலயே. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். டாக்டர் எம்.எஸ். வலியத்தான் இதய அறுவை சிகிச்சை நிபுணர். ருமாட்டிக் காய்ச்சல்ல இதய வால்வு கெட்டுப்போன ஏழைப் பிள்ளைங்க வரிசையா வந்தாங்க. வெளிநாட்டு வால்வு வாங்க அவங்களுக்கு வழியில்ல. சரி, நாமளே செய்வோம்னு இறங்கினார்.

16. ஒரு செயற்கை வால்வு நிமிஷத்துக்கு 72 தடவை திறந்து மூடுதுன்னு வைங்க. வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம் தடவை. அது தேயக்கூடாது, உடையக்கூடாது, அது மேல ரத்தம் உறையக்கூடாது. இது அறுவை சிகிச்சை நிபுணர் தனியா தீர்க்கிற கணக்கு இல்ல. அவர்கூட இன்ஜினியர்கள் வருஷக்கணக்கா உட்கார்ந்தாங்க. முதல் மாடல்கள் ஒண்ணொண்ணா தோத்துச்சு. நாலாவது மாடல் ஜெயிச்சுச்சு. 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினாங்க. அதுக்கப்புறம் ஒரு லட்சத்துக்கும் மேல அந்த சித்ரா வால்வு பொருத்தியாச்சு.

17. இவ்வளவு பெரிய உதாரணம் எல்லாம் வேண்டாம்னா, எங்க ஆஸ்பத்திரியில நடந்த ஒரு ராத்திரியைச் சொல்றேன். பச்சைக் குழந்தைங்க வார்டு. 1.6 கிலோ எடையில ஒரு பெண் குழந்தை, வார்மர்ல. ஸ்கிரீன்ல 36.7 டிகிரி. எல்லாம் நார்மல். டியூட்டி சிஸ்டர் மட்டும் என்னைக் கூப்பிட்டாங்க. "டாக்டர், பாதம் ஜில்லுன்னு இருக்கு. எனக்கு இது சரியா படல."

18. தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தோம். 35.4. குழந்தை குளிர்ந்துட்டு இருக்கு, மெஷினுக்குத் தெரியல. அந்த எடைக் குழந்தைக்கு உடம்பு குளிர்ந்தா சர்க்கரை இறங்கும், மூச்சு திணறும், உயிருக்கே ஆபத்து. உடனே அம்மா நெஞ்சோட தோலோட தோலா அணைச்சுக் கட்டினோம். அப்புறம் வேற வார்மருக்கு மாத்தினோம். அந்த மெஷின் மேல "வேலை செய்யாது"ன்னு பேப்பர் ஒட்டி ஓரமா தள்ளிட்டோம்.

19. மறுநாள் பயோமெடிக்கல் இன்ஜினியர் வந்தார். இருபத்தஞ்சு வயசு இருக்கும். சர்வீஸ் பை, ஒரு மல்டிமீட்டர், அவ்வளவுதான். பத்து நிமிஷத்துல நிமிர்ந்தார். "டாக்டர், மெஷின் நல்லாத்தான் இருக்கு. பழைய ப்ரோப் அறுந்ததும் யாரோ வேற கம்பெனி ப்ரோப்பை மாட்டியிருக்காங்க. பின் பொருந்துது, ஆனா உள்ள இருக்கிற சென்சார் வேற வகை. அதனால இல்லாத சூட்டை இருக்கிறதா காட்டுது. குழந்தை சூடா இருக்குன்னு நம்பி மெஷின் ஹீட்டரைக் குறைச்சுட்டே போயிருக்கு."

20. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. நான் ஸ்கிரீன்ல பார்த்த நம்பரை நம்பினேன். அந்த நம்பர் எங்கிருந்து வருதுன்னு எம்பிபிஎஸ்ல யாரும் எனக்குச் சொல்லித் தரல. அந்தத் தம்பி அன்னிக்கு அந்த ஒரு மெஷினோட நிறுத்தல. வார்டுல இருந்த எல்லா வார்மரையும் பார்த்தார். இன்னொண்ணுலயும் அதே தப்பு இருந்துச்சு. அதுலயும் ஒரு குழந்தை இருந்துச்சு.

21. முதல் குழந்தையைச் சிஸ்டரோட கை காப்பாத்துச்சு. ரெண்டாவது குழந்தையைக் காப்பாத்தினது பயோமெடிக்கல் படிச்ச ஒருத்தர். அந்தக் குழந்தையோட அம்மாவுக்கு அவர் யாருன்னே தெரியாது. டிஸ்சார்ஜ் அன்னிக்கு எனக்குத்தான் கும்பிடு போட்டாங்க.

22. சரி, படிப்பைப் புகழ்ந்தாச்சு. இப்போ கசப்பான பகுதி. காலேஜ் விளம்பரத்துல இது இருக்காது. முதல் விஷயம்: இந்தப் படிப்பு முடிச்சா டாக்டர் ஆக முடியாது. எம்பிபிஎஸ்க்கு லேட்டரல் என்ட்ரி கிடையாது. நோயாளிக்கு மருந்து எழுத முடியாது. "பின்னாடி மாறிக்கலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

23. ரெண்டாவது விஷயம்: வேலை. ஆரம்பச் சம்பளம் பல இடத்துல குறைவு. பயோமெடிக்கல் முடிச்சவங்க ஆஸ்பத்திரி மெயின்டனன்ஸ், கருவி கம்பெனி சர்வீஸ், சேல்ஸ், தரக்கட்டுப்பாடு, ஆவண வேலைன்னு போறாங்க. பயோடெக்ல ஆராய்ச்சிப் பக்கம் போகணும்னா பெரும்பாலும் எம்.டெக், பிஎச்.டி வரைக்கும் போக வேண்டியிருக்கும். ரெண்டுலயும் கணிசமான பேர் ஐடிக்கும் மெடிக்கல் கோடிங்குக்கும் போயிடுறாங்க. அது தப்பில்ல. ஆனா சேரும்போதே தெரிஞ்சிருக்கணும். வீட்ல கடன் வாங்கிப் படிக்க வைக்கிறாங்கன்னா கட்டாயம் தெரிஞ்சிருக்கணும்.

24. அதே சமயம் கதவு மூடியும் இல்ல. 2018 ஜனவரியில மருத்துவக் கருவி விதிகள் அமலுக்கு வந்துச்சு. 2020 ஏப்ரல்ல இருந்து எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டப்படி மருந்துக்குச் சமமான கண்காணிப்புக்குள்ள வந்தாச்சு. கருவியைச் சோதிக்க, பதிவு பண்ண, தரம் பார்க்க இந்தப் படிப்பு படிச்ச ஆளு வேணும். 2020ல இருந்து கேட் தேர்வுல பயோமெடிக்கலுக்குத் தனித் தாள் இருக்கு. பயோடெக்னாலஜிக்கு அதுக்கு முன்னாடியே இருக்கு. மேல படிக்க அது ஒரு வழி.

25. அப்போ யார் சேரலாம்? உங்க பிள்ளைகிட்ட, இல்ல உங்களையே, மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு: பயாலஜி புத்தகத்தை எடுத்துட்டா, மிச்சம் இருக்கிற கணக்கும் பிசிக்ஸும் நாலு வருஷம் படிக்கத் தாங்குமா? பிடிக்கணும்னுகூட அவசியமில்ல. தாங்கினா போதும்.

26. ரெண்டு: வீட்ல ஃபேன் ரெகுலேட்டர் கெட்டுப்போனா, "எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு"ங்கிற ஆளா, "ஏன் கெட்டுச்சு"ன்னு கழட்டிப் பார்க்கிற ஆளா? மூணு: நாளைக்கே எம்பிபிஎஸ் சீட் கிடைச்சா, இதை விட்டுட்டு ஓடிப் போயிடுவீங்களா? மூணாவதுக்கு "ஆமா"ன்னா, உங்களுக்கு வேண்டியது இன்னும் எம்பிபிஎஸ்தான். அதை வெளிப்படையா வீட்ல பேசி, இன்னொரு வருஷம் எழுதுறதா, வேற வழியான்னு முடிவு பண்ணுங்க. நர்சிங், பிசியோதெரபி, பார்மசி, அலைடு ஹெல்த் படிப்புகள்னு நோயாளிக்குப் பக்கத்துலயே இருக்கிற வழிகளும் உண்டு.

27. சேர்றதுன்னு முடிவு பண்ணிட்டா, காலேஜ் கட்டடத்தைப் பார்க்காதீங்க, லேபைப் பாருங்க. பயோமெடிக்கல்னா பக்கத்துல ஏதாவது ஆஸ்பத்திரியில பிள்ளைங்களுக்குப் பயிற்சி உண்டான்னு கேளுங்க. பயோடெக்னா ஃபெர்மென்டர் இருக்கா, அதைப் பிள்ளைங்க தொட விடுறாங்களான்னு கேளுங்க. முக்கியமா மூணாவது வருஷம் படிக்கிற ரெண்டு பேர்கிட்ட பேசுங்க. அவங்க சொல்ற அளவுக்கு உண்மையை பிராஸ்பெக்டஸ் சொல்லாது.

28. அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைங்களுக்கு: மருத்துவத்துல இருக்கிற மாதிரியே இன்ஜினியரிங்லயும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021ல இருந்து இருக்கு. அதுல சேர்றவங்களுக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டுது. இன்னொரு வழி, சென்னை ஐஐடியில 2023ல ஆரம்பிச்ச மருத்துவ அறிவியலும் இன்ஜினியரிங்கும் சேர்ந்த நாலு வருஷ பி.எஸ். படிப்பு. அதுக்கு ஐசர் நுழைவுத் தேர்வு எழுதணும், ஜேஇஇ இல்ல. அடுத்த வருஷம் எழுதப்போறவங்க இப்பவே குறிச்சு வச்சுக்கோங்க.

29. பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. நீட்ல மார்க் வரலங்கிறது ஒரு துக்கம். அந்தப் பிள்ளைக்கு அழ நாலு நாள் கொடுங்க. அழுது முடிக்கிறதுக்குள்ள "இதுவும் டாக்டர் மாதிரிதான்"னு ஒரு படிப்பை வாய்ல திணிக்காதீங்க. சொந்தக்காரங்க கேட்டா சொல்றதுக்கு வசதியா ஒரு பேர் இருக்குன்னு படிப்பைத் தேர்ந்தெடுக்காதீங்க. கல்யாண வீட்ல கேக்கிறவங்க மூணாவது செமஸ்டர் பரீட்சை எழுத வரமாட்டாங்க.

30. டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை, எனக்கும் சேர்த்து. நமக்கு உடம்பைப் பத்தித் தெரியும். எல்லாப் படிப்பைப் பத்தியும் தெரியாது. வெள்ளைக் கோட்டைப் பார்த்து நம்பிக் கேக்கிறாங்கன்னு தெரியாததுக்கு வழி சொல்லாதீங்க. "எனக்குத் தெரியாது, தெரிஞ்சவர் நம்பர் தர்றேன்"னு சொல்றதுல கௌரவம் ஒண்ணும் குறையாது.

31. என் தங்கச்சி அரியர் எல்லாத்தையும் முடிச்சுட்டா. பட்டம் வாங்கிட்டா. இப்போ ஐடி கம்பெனியில இருக்கா, நல்லாத்தான் இருக்கா. போன தீபாவளிக்கு வந்தப்போ, "கடைசி வருஷ ப்ராஜெக்ட்ல ஃபெர்மென்டர் ஓட்டினப்போதான் அந்தப் படிப்பு பிடிச்சுச்சுண்ணா, அதுக்குள்ள முடிஞ்சு போச்சு"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. என்னால சிரிக்க முடியல.

32. இந்த வருஷம் எங்க வார்டு ஆயா அக்கா அதே கேள்வியோட வந்தாங்க. பையன் ஃபர்ஸ்ட் குரூப், நீட்ல கிடைக்கல. நான் ஆமாவும் சொல்லல, இல்லையும் சொல்லல. அந்தப் பயோமெடிக்கல் தம்பி அடுத்த தடவை வரும்போது பையனை ஒரு நாள் அவர்கூட அனுப்பச் சொன்னேன். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பையன் அவர் பின்னாடியே சுத்தினான். வீட்டுக்குப் போகும்போது என்கிட்ட வந்து, "சார், அந்த சக்‌ஷன் மெஷின் ஏன் சத்தம் போடுதுன்னு அண்ணா கண்டுபிடிக்கவே இல்ல, நாளைக்கும் வரலாமா?"ன்னு கேட்டான்.

33. நான் "வா"ன்னு மட்டும் சொன்னேன். சாய்ஸ் எதைப் போடணும்னு அவன்தான் முடிவு பண்ணணும். உங்க வீட்லயும் அப்படியே விடுங்க. கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கிற பிள்ளை யாராவது தெரிஞ்சா இதை அனுப்புங்க. இந்தப் படிப்பை முடிச்சவங்க கீழ உங்க அனுபவத்தை எழுதுங்க, நல்லதோ கெட்டதோ. நான் சொல்றதைவிட அது அவங்களுக்கு உதவும்.